பெங்களூர்ப் பொருட்காட்சிக்குப் போன வருஷம்

நம் பழைய வகுப்பு வாட்ஸப் குழுவில் ஆளாளுக்குப் பழைய கதைகளை எழுதுகிறீர்கள். கணக்கு வாத்தியாரின் பிரம்பு, மதியத்தில் போட்ட கோதுமைச் சோறு, மழைக்கு ஒழுகிய மூன்றாம் வகுப்பு ஓடு எல்லாம் வந்துவிட்டன. நான் மட்டும் எதுவும் எழுதாமல் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று போன வாரம் உங்களில் ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன்.

என் மகனும் மருமகளும் பெங்களூர் போய் ஒரு ராத்திரி தங்கிவர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சாயங்காலம் விளக்கும் தண்ணீரும் சேர்ந்து ஆடுகிற ஏதோ ஒரு காட்சி. சோபாவில் சாய்ந்தபடியே செல்போனில் அறை பிடித்து, டிக்கெட் எடுத்து, கார் சொல்லி, கையிலிருந்த காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். நீங்களும் வாங்க அத்தை என்று மருமகள் கூப்பிட்டாள். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். முட்டி வலிப்பது உண்மைதான். ஆனால் நான் மறுத்தது, பெங்களூரில் ராத்திரி தங்குவது என்று அவள் சொன்னதால்.

எங்கள் குடும்பமும் ஒரு முறை அப்படிப் போனது. நாமெல்லாம் ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதியிருந்த கோடை விடுமுறை. போய் வந்த பிறகு என் அம்மாவைப் பேய் பிடித்துக்கொண்டதாக ஊரில் பேசினார்கள். பூசாரி உடுக்கை அடித்தபோது வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் உங்களில் சிலரும் நின்றிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது பாதிதான். அதில் சம்பந்தப்பட்ட பெரியவர்கள் ஒருவரும் இன்று இல்லை. மீதியையும் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

பயணத்தைத் தொடங்கி வைத்தவர் என் மாமா. அப்பாவின் அக்காளைக் கட்டியவர். அத்தையும் அவரும் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்கள், குழந்தை இல்லை. மாமா சேலத்துக்கும் பெங்களூருக்கும் லாரி ஓட்டினார். தொப்பூர் கணவாயில் எந்த வளைவில் எந்த வண்டி கவிழ்ந்தது என்பதை நாம் உறவுமுறை சொல்வதுபோலச் சொல்வார். அந்த வருஷம் நிலக்கடலை நன்றாக விளைந்திருந்தது. அப்பா முகத்தில் சிரிப்பு இருந்த நேரம் பார்த்து, பெங்களூரில் பெரிய பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் போனால் பார்த்து முடிக்கவே முடியாது, ஒரு ராத்திரி தங்கி வரலாம் மாப்ளே என்று மாமா எடுத்துவிட்டார்.

அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பார்ப்பதற்காக என்று ஓர் ஊருக்குப் போனதில்லை. கல்யாணம், சாவு, கோயில், ஆஸ்பத்திரி, இவ்வளவுதான். தீர்த்தமலைக்குப் போனால்கூட ஒரு வேண்டுதல் இருக்கும். சும்மா வேடிக்கை பார்க்க ராத்திரி தங்குவது என்பதை ஏற்றுக்கொள்ளவே அப்பாவுக்குச் சில நாட்கள் ஆயின. ஏற்றுக்கொண்ட பிறகு வேறு பேச்சே இல்லை. மாடுகளுக்கு யார் தண்ணீர் காட்டுவது, புளிச்சோறு கட்டுவதா, வெயிலுக்கு ஊசிப்போகுமா, தர்மபுரியில் மாமாவுக்குத் தெரிந்த பாய் ஒருவர் வியாபாரத்துக்குப் போகும்போது தங்குகிற லாட்ஜில் பெண்பிள்ளைகளோடு தங்கலாமா. சாயங்காலமானால் இதே பேச்சு. மாமா பச்சை ரெக்சின் பை ஒன்று வாங்கி வந்தார். பக்கத்தில் ஆகாய விமானம் போட்டிருக்கும். நான் அதற்குள் முகத்தை விட்டு அந்தப் புது வாசனையை இழுத்து இழுத்து முகர்வேன். அந்தப் பை பெங்களூரிலிருந்து எங்களோடு திரும்பவில்லை.

அம்மா இந்தப் பேச்சுகளில் கலந்துகொள்ளவில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவள். அரூருக்கு அந்தப் பக்கம் அவள் பிறந்த ஊர். சின்ன வயதில் சித்தேரி மலையில் பெரியம்மா வீட்டில் வளர்ந்ததாகச் சொல்வாள். நான் கேட்டால் சொல்கிற கதை ஒன்றே ஒன்று. பெரியம்மா வூட்டுல சாமை வெதப்பாங்க, ஆடு மேய்ப்பேன், தேன் எடுத்தாந்து குடுப்பாங்க, பனி பெய்யும். ஒவ்வொரு தடவையும் இதே வரிசை, இதே வார்த்தைகள். ஆட்டுக்கு என்ன பேர் வைத்தாய், பெரியம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால் ஒரு நிமிஷம் விழிப்பாள். பிறகு திரும்பவும் சாமையிலிருந்து ஆரம்பிப்பாள். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடச் செய்யுளில் நடுவில் விட்டால் முதல் வரிக்குப் போவோமே, அதுபோல. அப்போது எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

ஒருநாள் மாமா வாசல் மண்ணில் குச்சியால் வழி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் திரும்பினால் லாட்ஜ் வரும் என்று அப்பாவுக்கு விளக்கம். அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அப்பிடிப் போனா சாக்கடை நாத்தம் தாங்காதுங்கண்ணா. கோட்டைப் பக்கமாப் போனா கிட்ட."

குச்சி அப்படியே நின்றது. மாமா சிறிது யோசித்துவிட்டு, ஆமாம், அது கிட்டத்தான் என்றார். உனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். தான் பேசியது அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது அந்த முகம். யாரோ சொன்னாங்க என்றாள். அத்தை சிரித்தாள். தர்மபுரியையே நாலு தடவைதான் பார்த்திருக்கிறாள், பெங்களூருக்கு வழி சொல்கிறாள் பார் என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். போறவங்க எல்லாரும் ஒண்ணாத்தானே திரும்பி வருவோம்? ஊர் தெரியாத பயம் என்று அப்பா நினைத்தார். உன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டா வரப்போகிறோம் என்று கேலி செய்தார். கேலி என்று அவளுக்குப் புரியவில்லை. ஊருக்குப் புறப்பட்ட நாள் காலையில் பஸ் ஏறும்போதும் அதையே கேட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அரூர் போகும் பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவள் அன்று எடுக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியை விடவும் இல்லை. கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூர் தாண்டி, கடைப் பலகைகளில் எழுத்துகள் உருண்டையாக மாறத் தொடங்கியபோது அந்தப் பிடி இறுகியது. வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. அம்மா என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

பெங்களூரில் இறங்கியதும் மாமா பையைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டத் தயாரானார். அதற்குள் அம்மா நடக்க ஆரம்பித்திருந்தாள். எங்கள் ஊர்த் தெருவில் அப்பாவுக்கு நான்கடி பின்னால் நடப்பவள். அங்கே எங்கள் எல்லோருக்கும் முன்னால், தலையைக் குனிந்தபடி, சுவரை ஒட்டி, சின்னச் சின்ன அடியாக வேகமாக நடந்தாள். சைக்கிள்களும் குதிரை வண்டிகளும் குறுக்கே வந்தபோது அண்ணாந்து பார்க்காமலே ஒதுங்கினாள். ஒரு மூலையில் பூக்கடைகளின் அழுகல் வாசனை அடித்தது. அங்கே மட்டும் நின்று மூச்சை ஆழமாக இழுத்தாள். அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோதுதான் எங்களைத் தேடினாள். லாட்ஜ் எதிரிலேயே இருந்தது.

இதையெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அன்று எங்களில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. அத்தைக்கு வெயில், மாமாவுக்கு அறையில் மூட்டைப்பூச்சி, எனக்குப் பொருட்காட்சி.

பொருட்காட்சியைப் பற்றி என்ன சொல்வது. தட்டு அளவு அப்பளத்தில் மிளகாய்ப் பொடி தூவிக் கொடுத்தார்கள். பஞ்சு மிட்டாய் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மரக் கிணற்றுக்குள் ஒருவன் மோட்டார் சைக்கிளைச் சுவரில் ஓட்டினான். நாங்கள் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்க, பலகை எல்லாம் அதிர்ந்து புகை மூக்கில் ஏறியது. ராட்டினத்தின் உச்சியில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். கீழே ஊர் முழுவதும் விளக்காக இருந்தது. அம்மாவும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

ராட்டினத்துக்குப் பின்னால் ஒரு கூடாரம். வாசல் படுதாவில் பாம்பு உடம்பும் பெண் தலையுமாக ஒரு படம். வெளியே நின்றவன் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கூவினான். அப்பன் பேச்சைக் கேட்காத பெண், சாபத்தால் நாகமாகிப் போனவள், பாலும் முட்டையும் தவிர எதுவும் தின்னாதவள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். நான் அடம்பிடித்தேன். உள்ளே போனோம்.

ஈரச் சாக்கு நாற்றம். ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு மட்டும் ஓரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடை, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் வண்ணம் பூசிய பாம்புச் சுருள். சுருளின் நுனியில் ஒரு பெண்ணின் தலை. என் வயதுதான் இருக்கும். முகத்தில் வெள்ளையாகப் பவுடர், நெற்றியில் பெரிய பொட்டு. கூட்டத்தில் ஒருவர் பெயர் கேட்டார், அவள் நாககன்னி என்றாள். ஒருவர் என்ன சாப்பிடுவாய் என்றார், பால் முட்டை என்றாள். கண்கள் யாரையும் பார்க்கவில்லை, கூடார முகட்டையே பார்த்தன. எனக்குப் பயமாக இருந்தது. அத்தையின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு சிறுமியின் குரல் கேட்டது. கன்னடத்தில். பெட்டிக்குள் இருக்கும் பெண்தான் பேசுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவள் வாய் அசையவில்லை. அவள் கயிற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்தபடி என் அம்மா நின்றிருந்தாள். குரல் அவளிடமிருந்து வந்தது.

அம்மாவின் குரல் கொஞ்சம் கட்டையான குரல், உங்களுக்குத் தெரியும். இது அது இல்லை. மெலிந்த, கிசுகிசுப்பான, ஆறேழு வயதுப் பிள்ளையின் குரல். அவள் ஏதோ கேட்டாள். பெட்டிக்குள் இருந்த பெண் தான் நாகம் என்பதை மறந்துபோனாள். உதடு கோணி, அழுதுகொண்டே பதில் சொன்னாள். அம்மா திரும்பவும் ஏதோ சொன்னாள். பவுடரின்மேல் கண்ணீர் கோடாக இறங்கியது. கூட்டத்தில் சலசலப்பு. கூடாரக்காரன் ஓடிவந்து படுதாவை இழுத்து மூடினான். அப்பா அம்மாவின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

லாரி ஓட்டிப் பழகியதில் மாமாவுக்குக் கன்னடம் ஓரளவு புரியும். வெளியே வந்ததும் அவர் முகம் வெளுத்திருந்தது. என்ன பேசினாள் என்று அப்பா கேட்டார். மாமா சொல்ல விரும்பாமல்தான் சொன்னார்.

"வலிக்குதான்னு கேட்டுது மாப்ளே. கழுத்து வலிக்குதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. இன்னங் கொஞ்ச நேரம் பொறுத்துக்க, வூட்டுக்காரம்மா தூங்கட்டும், அப்பறம் ரெண்டு பேரும் காலை நீட்டிக்கலாம்னுது."

அம்மாவிடம் கேட்டதற்கு, நான் எதுவும் பேசவில்லையே என்றாள். தன் குரலில்தான் சொன்னாள். கட்டிக்கொண்டு போன சோற்றை அவள் ஒருத்திதான் அன்று சாப்பிட்டாள்.

விடிந்து நான் கண் விழித்தபோது அத்தை கதவருகே நின்று கத்திக்கொண்டிருந்தாள். அம்மாவின் படுக்கை காலி. உள்தாழ்ப்பாள் திறந்திருந்தது. செருப்பு அப்படியே கிடந்தது. என்னைத் தனியாக விடப் பயந்து கையோடு இழுத்துக்கொண்டு எல்லோரும் தெருவில் இறங்கினோம். பால்காரர்களையும் பூக்காரிகளையும் மாமா விசாரித்துக்கொண்டே போனார். வெறுங்காலுடன் ஒரு பொம்பளை போனதைப் பார்த்ததாக ஒருத்தி கையைக் காட்டினாள்.

சில தெருக்கள் தள்ளி, ஒரு பழைய மாடி வீட்டின் முன்னால் அவளைக் கண்டோம். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் விளக்குமாறு. அந்த வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தண்ணீர் தெளித்திருந்தது. விளக்குமாறு எங்கே இருக்கும், வாளி எங்கே இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு யார் சொன்னது? படியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் பால்போல வெளுத்திருந்தன. சத்தத்தை வைத்துத்தான் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். விளக்குமாற்றுச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கோபமில்லாமல், ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அது என் அம்மாவின் பேர் இல்லை. ஆனால் அம்மா நிமிர்ந்து, அந்தச் சின்னக் குரலில், பதில் சொன்னாள்.

எங்கே போனாய் இவ்வளவு நேரம் என்று கிழவி கேட்டதாக மாமா பிற்பாடு சொன்னார். இதோ வந்துட்டேன் என்று அம்மா சொன்னாளாம்.

உள்ளிருந்து ஒரு நடுவயதுப் பெண் வந்தாள், கிழவியின் மருமகள். எங்கள் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள். மாமா தனக்குத் தெரிந்த கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டு, பாட்டியம்மா கூப்பிட்ட பேர் யாருடையது என்று விசாரித்தார். அது எப்போதோ இந்த வீட்டில் வேலை செய்த ஒரு சின்னப் பெண்ணின் பேர், நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள், மாமியாருக்குக் கண் போன பிறகு விளக்குமாற்றுச் சத்தம் கேட்டாலே அவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாள் அந்தப் பெண். இதை அப்பாவிடம் மாமா ஒரே வார்த்தையில் சொன்னார். "அந்தப் புள்ள எப்பவோ போயிட்டாளாம்."

போயிட்டாள் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அம்மாவின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். லாட்ஜுக்குக்கூடத் திரும்பாமல் கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். பை அங்கேயே நின்றுவிட்டது.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த பாதி. அந்த வீட்டில் செத்துப்போன வேலைக்காரப் பெண்ணின் ஆவி அம்மாவின்மேல் ஏறிக்கொண்டது என்பதில் அத்தைக்குத் துளிக்கூடச் சந்தேகமில்லை. அப்பாவுக்கும் இல்லை. அம்மா பகலெல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தை ஒரு மூலையில் குத்துக்காலிட்டுத் தின்றாள். என்னைப் பார்த்து ஒருமுறை, வேலைக்காரி எஜமானி வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல, 'சின்னம்மா' என்று கூப்பிட்டாள். பெற்ற தாய், தலையைக் குனிந்துகொண்டு, என்னை. அன்றைக்கு நான் அவள் பக்கத்தில் போகப் பயந்து அத்தை வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பூசாரி கோயில் மரத்தடியில் உட்காரவைத்து உடுக்கை அடித்தார். சாம்பிராணிப் புகையில் அம்மாவின் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. வேப்பிலையால் அடித்தது அத்தை. இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சி ஆன பிறகும் அடித்தாள்.

உன் பேரென்ன என்றார் பூசாரி. கிழவி கூப்பிட்ட அந்தப் பேரை அம்மா சொன்னாள். எங்கிருந்து வந்தாய்? பெங்களூரிலிருந்து. இவளை எதற்குப் பிடித்தாய்? இந்தக் கேள்விக்கு மட்டும் அவளுக்குப் பதில் தெரியவில்லை. பூசாரியை மிரள மிரளப் பார்த்தாள். என்ன கொடுத்தால் போவாய் என்று அவர் சாட்டையை எடுத்தார். அந்தக் குரல் சொன்னதை உங்களில் அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"எங்கப்பன வரச் சொல்லுங்க. நான் போயிர்றேன்."

செத்தவளின் அப்பனை எங்கே போய்த் தேடுவது, கறுப்புக் கோழி கேட்டிருந்தால் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவளுடைய சொந்த அப்பனுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதில் சொன்ன மூன்று கேள்விக்கும் அவள் பொய்யே சொல்லவில்லை.

அம்மாவின் அப்பா, என் தாத்தா, யாரோ சந்தையில் சொல்லக் கேட்டுத் தானாகத்தான் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை. மறுபடியும் உடுக்கை, மறுபடியும் கூட்டம். அம்மாவின் முதுகில் ரவிக்கை கிழிந்திருந்தது. தாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், நெட்டையான மனிதர், தோளில் துண்டு. மற்ற நேரமாக இருந்தால் அம்மா எழுந்து நின்று, வாங்கப்பா என்பாள். அவரை அவள் நீ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று மண்ணில் உட்கார்ந்தபடியே முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"வந்துட்டியாப்பா? நான் துணியெல்லாம் மடிச்சு வச்சிட்டேன்."

தாத்தா அப்படியே அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டார். வந்துட்டேன் ஆத்தா, வூட்டுக்குப் போலாம் வா என்றார். அம்மா அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பூசாரி உடுக்கையை நிறுத்தி, ஆவி இறங்கிவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் கலைந்தது. நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள்.

எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு தாத்தா சொன்னார். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மழையே இல்லாத ஒரு காலம். பிள்ளைகளுக்குக் கூழுக்கும் வழியில்லை. பெங்களூரில் வேலை செய்த உறவுக்காரர் ஒருவர், ஒரு பெரிய வீட்டில் சின்னப் பெண் கேட்கிறார்கள், சோறாவது கிடைக்கும் என்றார். ஆறு வயது மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அந்த வீட்டுக்காரம்மாவுக்கும் அம்மாவின் பேர்தானாம். வேலைக்காரியை அந்தப் பேரால் கூப்பிட முடியாதல்லவா, வேறு பேர் வைத்தார்கள். வயதுக்கு வரப்போகிற நேரத்தில் போய் அழைத்து வந்தார்.

"ஊருல கேட்டவங்களுக்குச் சித்தேரியில பெரியம்மா வூட்டுல இருந்தான்னு சொன்னோம். அவளையும் அப்பிடியே சொல்லச் சொன்னோம். மாத்திச் சொன்னா அடிச்சேன். கொஞ்ச நாள்ல அவளே அப்பிடித்தான் சொன்னா. மறந்துட்டா, நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

பெண் கேட்டு வந்தபோது எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்றார் அப்பா. சொல்லியிருந்தால் எடுத்திருப்பீர்களா என்று தாத்தா திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனாள். எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடாக்கி எடுத்துவந்து அம்மாவின் பின்னால் உட்கார்ந்து, தான் அடித்த இடங்களில் ஒவ்வொன்றாகத் தடவினாள். தடவி முடித்தபோது, ஊருக்கு இது தெரிய வேண்டாம் என்று முடிவைச் சொன்னதும் அவள்தான். பேய் என்றே இருக்கட்டும். பேய் யாரை வேண்டுமானாலும் பிடிக்கும்.

அப்படியே இருந்தது. உங்கள் வீடுகளில் அதற்குப் பிறகு அம்மா கையால் குங்குமம் வாங்கத் தயங்கினார்கள், எனக்குத் தெரியும். அவள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. மறுநாளிலிருந்தே அவளுக்குத் தன் குரல் திரும்பிவிட்டது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சித்தேரிக் கதையை மட்டும் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

தாத்தா புறப்பட்ட காலையில் அவரைப் பஸ் ஏற்ற அம்மாவும் நானும் போனோம். ரோட்டோரம் வேறு யாரும் இல்லை. நெடுநேரம் பஸ் வரவில்லை. அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அத்தன வருசத்துல ஒரு தடவகூட என்னப் பாக்கணும்னு தோணலீங்களாப்பா?"

தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்தார். வந்தேன் ஆத்தா, ஒரு தடவை வந்தேன் என்றார். அந்த வீட்டுச் சந்து முனை வரைக்கும் வந்ததாகவும், கிணற்றடியில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகவும், தன்னைக் கண்டால் கூடவே வருவேன் என்று அழுவாளே, அழைத்துப்போனால் ஊரில் சோறு இல்லையே என்று, சுவர் மறைவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிவிட்டதாகவும் சொன்னார்.

தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், அது சில்லிட்டிருந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. மெலிந்த, கிசுகிசுப்பான குரல்.

"நானும் உன்னப் பாத்தேம்ப்பா. கூப்புட்டா நீ ஓடிப்போயிருவேன்னு பேசாம இருந்துட்டேன்."

பஸ் வந்து நின்றது. தாத்தா கம்பியைப் பிடித்து ஏறினார். எங்கள் பக்கத்து ஜன்னல்களெல்லாம் காலியாகத்தான் இருந்தன. அவர் அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.